பாதிப் பல்லை விடாத டாக்டரம்மா

எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, என் தங்கை கண்ணை மூடினபோது என் மடிக்கு வந்தது இரண்டு. ஆறும் இன்றைக்குத் தன் காலில் நிற்கிறது. அத்தனை பேரைத் தூக்கி வளர்த்த உடம்பில் அறுபது வயது வரைக்கும் ஒரு பல் விழவில்லை. கரும்பைக் கத்தி படாமல் உரிப்பேன். சோடா பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுப்பேன். டெல்லிக் குடிசைப் பஸ்தியில் என் வயதுக்காரிகள் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக்கொண்டிருந்த காலத்தில் நான் வேர்க்கடலை வறுத்துத் தின்றுகொண்டிருந்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தப் பெருமை போகாமல் பார்த்துக்கொண்டவர் ஒரு பல் டாக்டரம்மா. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரும் என்னை ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சரிக்குச் சரி.

அவர் யாரையுமே பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். முகமும் நினைவிருக்காது. பல்தான் நினைவிருக்கும். பல் டாக்டர்கள் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். கீழே இடது பக்கம் கடைவாயில் இருக்கிற பெரிய பல்லுக்கு முப்பத்தாறு. அதில்தான் எனக்கு வியாதி, அதனால் நான் முப்பத்தாறு அம்மா. அடுத்த வீட்டுக்காரி நாற்பத்தேழு. கொத்தனார் பெண்சாதி பதினாறு. அதே முப்பத்தாறில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களைச் சின்ன முப்பத்தாறு, சிரிக்காத முப்பத்தாறு என்பார். நாங்களும் பழகிப்போய் எங்களுக்குள்ளேயே அப்படிக் கூப்பிட்டுக்கொண்டோம். நாற்பத்தேழு இன்றைக்கு வேலைக்குப் போகவில்லையா என்று நான் கேட்க, அவள் மருமகள் சர்வசாதாரணமாகப் பதில் சொல்வாள்.

அப்போது நாங்கள் இருந்தது தமிழ்க் குடும்பங்களாகவே சேர்ந்திருந்த ஒரு பஸ்தியில். ஆத்தூர் பக்கத்திலிருந்தும் கள்ளக்குறிச்சி பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். ஆண்கள் கட்டட வேலை, பெண்கள் கிட்வாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை. பஸ்தியைத் தாண்டி ஒரு சர்ச், அதன் மதிலை ஒட்டி இரண்டு அறை வைத்த தர்ம ஆஸ்பத்திரி. அங்கேதான் டாக்டரம்மா இருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒல்லியாக, உயரமாக, குளிர்காலத்தில் ஒரே ஒரு நீல ஸ்வெட்டரில் ஸ்கூட்டரில் வருவார். கைப்பையில் வேதப் புத்தகம் இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு குட்டி டார்ச் இருக்கும்.

அவருக்கு எதையும் பாதியில் விட்டால் ஆகாது. ஒருநாள் என் வீட்டுக்குள் வந்தவர், தையல் மிஷினில் ஒரு கை மட்டும் வைத்துத் தொங்கிய ரவிக்கையைப் பார்த்துவிட்டார். இதை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார். தீபாவளிக்குள் முடிப்பேன் என்றேன். டீயை நீட்டினால் வாங்கவில்லை. நான் அடுத்த கையை வைத்துத் தைத்து முடிக்கிற வரைக்கும் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

ரவிக்கைக்கே அப்படி என்றால் பல்லுக்கு எப்படி இருக்கும். அவர் செய்த வைத்தியத்துக்கு ரூட் கெனால் என்று பேர். பல்லைப் பிடுங்க மாட்டார்கள். நடுவில் ஓட்டை போட்டு, உள்ளே கெட்டுப்போன நரம்பை மயிர் போல ஒரு கம்பியால் வழித்து எடுப்பார்கள். ப்ளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கிற தண்ணீரால் வேரைக் கழுவுவார்கள். மருந்து வைத்து மேலே வெள்ளையாகச் சாந்து மாதிரி பூசி அனுப்புவார்கள். இது முதல் தடவை. திரும்ப வந்தால் அதைத் திறந்து மறுபடி கழுவி, வேருக்குள் நிரந்தரமாக அடைத்து, பிறகு ஒரு நாள் பல்லுக்குத் தொப்பி போடுவார்கள். மூன்று தடவையாவது போக வேண்டும்.

எங்கள் பஸ்தியில் ஒருத்தியும் மூன்று தடவை போனதில்லை. முதல் தடவையிலேயே வலி போய்விடும். வலி போன பிறகு எதற்குப் போவது? நானும் அதைத்தான் செய்தேன். கிராம்பு, கற்பூரம், பக்கத்து வீட்டுப் புகையிலை எல்லாம் வைத்து நாலு ராத்திரி சுவரில் தலையை முட்டிக்கொண்டு, ஐந்தாம் நாள் அவரிடம் போனேன். ஒரு மணி நேரத்தில் வலியைத் துடைத்து எடுத்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள் நாலு மாதம் அந்தத் தெருவையே தவிர்த்தேன். வலிக்கிற பல்லுக்கு லீவு கேட்டால் குவார்ட்டர்ஸ் மேம்சாப் கொடுப்பாள். வலிக்காத பல்லுக்கு லீவு கேட்டால் நம்புவாளா?

வராதவர்களைத் தேடி டாக்டரம்மா வருவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராக எங்கள் பஸ்திக்குத்தான். வீடு வீடாகப் போனால் நாங்கள் பின்பக்கமாக ஓடிவிடுவோம் என்று தெரிந்துகொண்டு, தண்ணீர் டேங்கர் வருகிற நேரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். டேங்கர் வந்து, குழாயைப் போட்டு, வரிசையில் நிற்கிறவள் வீடு பற்றி எரிந்தாலும் இடத்தை விட்டு நகர மாட்டாள். அந்த வரிசையில் முதலிலிருந்து கடைசி வரை டார்ச்சோடு நடப்பார். ஒவ்வொருத்தியும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். டேங்கர் டிரைவர் சர்தார்ஜி எங்களைப் பார்த்து, ஜல்தி வாயை மூடுங்கள், தண்ணீர் தீர்கிறது என்று சிரிப்பார்.

நான் தப்பிக்க வழி கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் டேங்கருக்கு மருமகளை அனுப்பினேன். மருமகள் பல் சுத்தம், அவளுக்கு எண் கிடையாது.

ஆனால் ஒருநாள் கிட்வாய் நகரில் காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே முந்தானையை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டு பீன்ஸ் பொறுக்குகிற மாதிரி குனிந்தேன்.

"முக்காடு எதுக்கு? மூஞ்சிய மறந்திருவேன், தாடைய மறக்க மாட்டேன் கேட்டியளா," என்றார் தலைக்கு மேலிருந்து.

"வலி இல்ல டாக்டரம்மா. சுத்தமா இல்ல."

"வலிய எடுத்தது நானாக்கும், எனக்குத் தெரியாதா? கிருமி உள்ளேயே இருக்கு. நாய் குரைக்கல்லன்னா திருடன் போயிட்டான்னு அர்த்தமா?"

திங்கட்கிழமை வருகிறேன் என்று சத்தியம் செய்தேன். வண்டிக்கார பையாவுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அச்சா, மாஜி மாட்டிக்கொண்டாள் என்று சிரித்தான். திங்கட்கிழமை நான் போகவில்லை.

ஜனவரியில் மேம்சாப் ஒரு பொட்டலம் கஜக் கொடுத்தாள். எள்ளும் வெல்லமும் போட்டுத் தட்டின மிட்டாய், டெல்லிக் குளிருக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு கடி கடித்தேன். பல்லில் பூசியிருந்த சாந்து அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எள்ளு என்று நினைத்து விழுங்கியும் விட்டேன். பல்லில் ஒரு பள்ளம், நாக்கு போய்ப் போய் அதைத் தடவும். அப்போதும் போகவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் கன்னத்துக்குள் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி வீங்கியிருக்கிறது. இடது கண் பாதிதான் திறந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, சண்டையில் யாரோ அடித்துவிட்டார்களா, யாரென்று சொல், கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். டாக்டரம்மா திட்டவில்லை. என்னைக் கண்டதும் ஊரிலிருந்து சொந்தக்காரி வந்த மாதிரி முகம் மலர்ந்து, "முப்பத்தாறு வந்தாச்சு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

உள்ளே பெரிய டாக்டர் இருந்தார். பஞ்சாபிக்காரர், வயதானவர், வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். எக்ஸ்ரேயை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வேர் நுனியில் உளுந்து அளவுக்குக் கறுப்பாக இருந்தது. அது சீழ் தங்கின இடமாம். இந்தப் பல்லில் இனி ஒன்றுமில்லை, எடுத்துவிடலாம் மாஜி என்று இந்தியில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் எந்த வாயைப் பார்த்துச் சொன்னார்? சோடா மூடியைத் திறந்த வாய். வறுத்த கடலையைக் கடித்த வாய். ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு பல்லைக்கூட யாரும் பிடுங்கினதில்லை என்று. பிள்ளையைப் பிடித்துக்கொள்வது போல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா அவரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவர் தலையை ஆட்டினார். இவர் மறுபடி சொன்னார். கடைசியில் அவர் இரண்டு கையையும் தூக்கி, உங்கள் பாடு என்கிற மாதிரி காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

"ஒரு தடவை பாப்போம்," என்றார் டாக்டரம்மா என்னிடம். "காஞ்சுதுன்னா பல்லு நிக்கும். காயல்லன்னா நானே எடுத்திருவேன். ஆனா நீங்க வரணும். ஒரு நாள் தவறக் கூடாது."

ஒரு நாளும் தவறவில்லை. சீழை வடித்தார், மாத்திரை கொடுத்தார், வீக்கம் இறங்கினது. பிறகு வாராவாரம் பல்லைத் திறந்து கழுவினார். அந்தக் கம்பியை உள்ளே விட்டுச் சுற்றுகிறபோது ஏதோ ஞானப்பாட்டை மூக்குக்குள்ளேயே பாடிக்கொண்டிருப்பார். பாட்டு நின்றால் ஏதோ சரியில்லை என்று எனக்குப் புரிந்துவிடும். ஊசி மாதிரி மெல்லிசான வெள்ளைக் காகிதம் ஒன்று வைத்திருப்பார். கழுவி முடித்ததும் அதை வேருக்குள் இறக்கி எடுத்துப் பார்ப்பார். நனைந்து வந்தால் உள்ளே இன்னும் கசிகிறது. மூன்று வாரம் நனைந்தே வந்தது.

நாலாம் வாரம் காகிதம் காய்ந்து வந்தது. அதை விளக்கில் காட்டினார், என் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். பரீட்சை பாஸான பிள்ளையின் மார்க் சீட் மாதிரி அந்தக் காகிதம் மூன்று கை மாறினது. அன்றைக்கே ஆரஞ்சு நிறத்தில் குச்சி குச்சியான ரப்பரை வேர் நுனி வரை இறக்கி அடைத்துவிட்டார். பாக்கி தொப்பி மட்டும்தான். அளவெடுத்து அனுப்பினார்கள், பத்து நாளில் வரும். தொப்பி போடாமல் கடித்தால் பல் நெடுக்காகப் பிளந்துவிடும், பிளந்தால் உங்கள் டாக்டரம்மாவே வந்தாலும் முடியாது என்று பெரிய டாக்டர் எச்சரித்தார்.

தொப்பி வந்த அன்றைக்கு நான் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஒன்றை எடுத்து உடைத்தார். வலது பக்கமாக வைத்து மென்றார். இரண்டாவது துண்டும் வலது பக்கம். ஒரு துணுக்கு இடது பக்கம் போனதும் முகம் சுளித்து, நாக்கால் அதை இந்தப் பக்கம் தள்ளினார். ஆறு மாதம் ஒரு பக்கமாகவே மென்றவள் நான். என் கண்ணுக்குத் தப்புமா?

கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். பெரிய டாக்டர்தான் அடுத்த அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவரே டாக்டரம்மாவுக்கு நரம்பை எடுத்து, சாந்து பூசி, அடுத்த வாரம் வரச் சொன்னாராம். பக்கத்து அறைதான். இன்னும் வந்து சேரவில்லையாம்.

எனக்கு வந்ததே கோபம். தொப்பியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா என் பக்கம் வந்தார். நான் நாற்காலியை விட்டு இறங்கி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"முதல்ல உங்க பல்ல முடிங்க. அப்பறம் நான் வாயத் தெறக்கறேன்."

"வெளையாடாதீங்க. கடிச்சா பிளந்திரும். இவ்வளவு பாடுபட்டது வீணாப் போயிரும்."

"பொளக்கட்டும். ரெண்டு பல்லும் சேந்தே பொளக்கட்டும்."

வெளியே அவ்வளவு வீறாப்பு, வீட்டில் குழைந்த ரசஞ்சோறு, அதுவும் வலது பக்கம். தூக்கத்தில் பல்லைக் கடித்துவிடுவேனோ என்று மடித்த கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு படுத்தேன். மறுநாளும் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பத்தேழு என்னோடு வந்தாள். அதற்கு அடுத்த நாள் பதினாறும், சின்ன முப்பத்தாறும், சிரிக்காத முப்பத்தாறும் வந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் பாதியில் நிற்கிற பல். டேங்கர் வரிசையில் வாயைத் திறந்து திறந்து அலுத்தவர்கள், வாயை மூடிக்கொண்டு உட்காருவது என்றதும் சந்தோஷமாக வந்துவிட்டார்கள். டெல்லியில் இத்தனை வருஷம் இருக்கிறோம், தர்ணா பண்ணச் சொல்லியா தர வேண்டும்?

டாக்டரம்மா வந்து ஒவ்வொருத்தியையும் எண் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. ஐந்து பாதிப் பல் வரிசையாக உட்கார்ந்து, ஒன்றையும் தொட முடியாமல் போனால் அவருக்கு எப்படி இருக்கும். உள்ளே போவார், வெளியே வருவார், எங்கள் தாடைகளைப் பார்ப்பார், உள்ளே போவார். மதியம் வரைக்கும் தாங்கினார். பிறகு பெரிய டாக்டர் அறைக்குள் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். என்னை மட்டும் உள்ளே வரச் சொன்னார்.

முகம் வெளுத்துப் போயிருந்தது. பெரிய டாக்டர் மரத்துப்போகிற ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைக் குனியச் சொல்லிக் காதுக்குள் சொன்னார்.

"எனக்கு ஊசின்னா பயமாக்கும். யாருட்டயும் சொல்லிராதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றரை வருஷமாக இந்தக் கதவு வரைக்கும் வந்து வந்து திரும்பியிருக்கிறார். எங்களைத் தேடி பஸ்தி முழுக்க நடந்த கால் இந்தப் பத்து அடியை நடக்கவில்லை. இடது கையை நீட்டினேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கினபோது அவர் நகம் என் புறங்கையில் பதிந்தது. ஆறு பேருக்கும் தடுப்பூசி போடப் பிடித்த கை இது, இதற்குப் பழக்கம்தான். எனக்குப் பாடத் தெரியாது, ஆனாலும் அவர் வழக்கமாக மூக்குக்குள் பாடுகிற பாட்டை எனக்குத் தெரிந்தவரைக்கும் முனகினேன். ராகம் தப்பினதும் மருந்து ஏறின வாயோடு அவர் சிரித்துவிட்டார். ஆடாதே என்று பெரிய டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அதட்டினார்.

முடிந்ததும் கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. உதடு ஒரு பக்கம் தொங்க, கொப்பளித்த தண்ணீர் ஓரமாக வழிய, கையுறையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். மரத்த நாக்கில் பேச்சு வரவில்லை. நாற்காலியைக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்து, டேங்கர் வரிசைக்கு வராமல் ஒளித்த வாயைக் காது வரைக்கும் திறந்தேன்.

தொப்பி உட்கார்ந்தது. கடி சரியா என்று பார்க்க ஒரு காகிதத்தைப் பல்லுக்கு நடுவில் வைத்துச் சைகை காட்டினார். காகிதத்தைக் கடித்துக் காட்டினேன். போதாது என்று என் பையிலிருந்து மிச்ச முறுக்கை எடுத்து இடது பக்கம் வைத்து ஒரு கடி கடித்தேன். வெளியே பெஞ்சு வரைக்கும் சத்தம் கேட்டதாம். அதன் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். சிரிக்காத முப்பத்தாறு வெளியே வரும்போது சிரித்துக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் டாக்டரம்மாவின் மிச்ச வேலைக்கு நாங்கள் ஐந்து பேரும் காலையிலேயே போய் அவர் ஸ்கூட்டரைச் சுற்றி நின்றுகொண்டோம். எதற்கும் இருக்கட்டும் என்று.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஊர்ப்பக்கமே வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் டேங்கருக்கு வந்தார். போய்வருகிறேன் என்று சொல்ல வந்தார் என்று நினைத்து நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றோம். அவர் டார்ச்சை எடுத்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனார். பாதி ஒன்றுகூட இல்லை. கடைசி ஆளைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

இப்போது நான் டெல்லியிலேயே துவாரகாவில் பெரிய மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஈறு கொஞ்சம் உறுத்தினது என்று மகன் இங்கே ஒரு சின்ன வயசு டாக்டரிடம் கூட்டிப்போனான். எக்ஸ்ரேயில் அந்தக் கறுப்பு உளுந்தைத் தேடினேன், காணவில்லை. எலும்பு நன்றாக மூடிக்கொண்டதாம். அந்தப் பையன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாக யார் செய்தது ஆன்ட்டி என்று கேட்டான். ஒரு பயந்தாங்கொள்ளி செய்தது என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிய வைக்க ஒரு மணி நேரமாகும், வெளியே ஆள் காத்திருந்தார்கள். அதனால் வீட்டுக்கு வந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும், பதினெட்டு நாள் ஆகியிருக்கிறது.

என் பேத்தி பூசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். இந்தியில்தான் சண்டை போடுவாள், ஆனால் தமிழ் நன்றாக வாசிப்பாள். அவளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"கண்ணு, போன வெச்சிட்டு இங்க வா. இத மொதல்லேருந்து வாசி. எனக்குக் கேட்டா போதும், மெதுவாவே வாசி. கீழ் ஃப்ளாட் மாமி பால்கனியிலதான் உக்காந்திருக்காங்க, முறுக்கு கடிச்ச எடத்த மட்டும் கொஞ்சம் சத்தமா."